சொந்த ஊரில் பாட மறுத்த கருசோ

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று நம் சங்கத்தார் கேட்டார்கள். விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றியும் பழைய பேராசிரியர்களைப் பற்றியும் எழுத என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறு ஒரு திசையில் போகிறேன். மேலை நாட்டுச் சங்கீதத்தில் எனக்குப் பெரிய பாண்டித்தியம் ஒன்றும் கிடையாது. பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அப்படிக் கேட்டதில் என் மனதை விட்டு அகலாத ஒரு மனிதர் என்ரிக்கோ கருசோ. அவர் பெரிய ஆள் ஆன பிறகு நடந்தவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பெரிய ஆள் ஆவதற்கு முந்திய பத்துப் பன்னிரண்டு வருஷங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்போது கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், படித்து முடித்து எங்கெங்கோ போய்விட்ட நமக்கும், அந்த வருஷங்களில் ஒரு சங்கதி இருப்பதாக எனக்குப் படுகிறது.

பழைய ஆங்கிலப் படங்கள் பார்க்கும் நண்பர்களுக்கு மரியோ லான்சா நடித்து 1951-இல் வெளிவந்த 'தி கிரேட் கருசோ' ஞாபகம் இருக்கலாம். நல்ல படம், பாட்டுகள் பிரமாதம். ஆனால் அதில் வருவதையெல்லாம் வரலாறு என்று நம்பிவிடக் கூடாது. உண்மைக் கதை அந்தப் படத்தைவிடக் கரடுமுரடானது.

குழாய்ப் பட்டறைப் பையன்

கருசோ பிறந்தது 1873 பிப்ரவரி 25 அன்று, இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில். அப்பா மார்ச்செல்லினோ ஒரு மெக்கானிக், பட்டறைத் தொழிலாளி. அம்மா பெயர் அன்னா. அவருக்கு மொத்தம் 21 குழந்தைகள், கருசோ 18-ஆவது என்று ஒரு கதை வெகு காலம் உலவியது. கருசோவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பாடு பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்கள், குழந்தைகள் ஏழு பேர்தான், இவர் மூன்றாவது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஏழிலும் குழந்தைப் பருவம் தாண்டிப் பிழைத்தவை மூன்றுதான். ஏழைக் குடும்பத்தின் நிலைமையைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கே போதும்.

பதினோரு வயதில் பையனை வேலைக்கு அனுப்பினார்கள். ஊருக்குப் பொதுக் குடிநீர் ஊற்றுகள் அமைத்துக் கொடுக்கும் ஓர் இயந்திரப் பொறியாளரிடம் எடுபிடி. பிறகு அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே அவருடன் வேலை. ஆனால் அம்மாவுக்கு மட்டும் மகன் நாலெழுத்துப் படிக்கவேண்டும் என்று பிடிவாதம். பக்கத்திலிருந்த ஒரு பாதிரியாரிடம் கொஞ்சம் படிப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வரைபடம் போடவும் கற்றுக்கொண்டார். (பின்னாளில் அவர் வரைந்த கேலிச் சித்திரங்கள் நியூயார்க்கில் இத்தாலியர்கள் நடத்திய பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தன. கை பழகியது இந்தப் பட்டறை நாட்களில்தான்.)

கோயில் பாடகர் குழுவில் பையனுடைய குரல் நன்றாக இருப்பதை முதலில் கவனித்தவரும் அம்மாதான். பாடு, விடாதே என்று ஊக்கம் கொடுத்த அந்த அம்மா 1888-இல் காலமானார். அப்போது கருசோவுக்கு வயது 15. அப்பாவுக்குப் பாட்டெல்லாம் ஒரு பிழைப்பா என்ற எண்ணம். அப்பா மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னையோ நல்ல மனசுக்காரி, கருசோ கடைசிவரை அவரைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டார்.

தெருவில், காப்பிக் கடைகளில், விருந்துகளில் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடினார். பதினெட்டாவது வயதில் ஒரு கடற்கரை விடுதியில் பாடிச் சம்பாதித்த காசில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் புதுச் செருப்பு, அதாவது ஷூ, வாங்கினார். அதுவரை போட்டதெல்லாம் யாரோ போட்டுக் கழித்தவை.

வாத்தியாரும் ஒப்பந்தமும்

1891-இல் எதுவார்தோ மிசியானோ என்ற வசதியான வீட்டு இளைஞர், தானும் பாடுகிறவர், இந்தக் குரலைக் கேட்டுவிட்டுத் தன் வாத்தியாரிடம் கூட்டிப் போனார். வாத்தியார் பெயர் குலியெல்மோ வெர்ஜினே. நேப்பிள்ஸில் மதிப்புள்ள ஆசிரியர். அவருக்கு இந்தக் குரல் அப்படி ஒன்றும் பிடிக்கவில்லை. ரொம்பச் சின்னக் குரல், ஜன்னல் இடுக்கில் காற்று வீசுவது போல இருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. மிசியானோ கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, சும்மா வந்து உட்கார்ந்து மற்ற மாணவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று அனுமதித்தார்.

பையனிடம் கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து வருஷம் பாடிச் சம்பாதிப்பதில் நூற்றுக்கு 25 வாத்தியாருக்கு. கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது? விஷயம் உள்ளே இருந்தது. 'ஐந்து வருஷம்' என்றால் நாட்காட்டி வருஷம் இல்லையாம், மேடையில் உண்மையாகப் பாடிய நாட்களைக் கூட்டி ஐந்து வருஷமாம்! வாரத்தில் இரண்டு நாள் பாடுகிற ஒருவன் இந்தக் கணக்கை முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று நம் கணிதத் துறை மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். கருசோவுக்குத் தலை நரைத்திருக்கும். கடைசியில் வழக்கு நீதிமன்றம் வரை போய், ஒரு தொகையைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கூட்டிப்போன மிசியானோவின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் அவர் நொடித்துப் போனபோது, நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் சின்னச் சின்ன வேஷங்கள் கிடைக்க வழி செய்து கொடுத்தவர் கருசோ. நன்றி மறக்காத மனிதர்.

டெனர் என்றால் என்ன?

கதையை மேலே கொண்டுபோகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். ஆப்பரா என்பது முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். ஆண் குரல்களில் அடிக்குரல் பாஸ், நடுக்குரல் பாரிடோன், உச்சக்குரல் டெனர். பெரும்பாலான ஆப்பராக்களில் கதாநாயகன் டெனர்தான். மேலே 'ஹை சி' என்னும் ஸ்வரம் வரை அவன் போகவேண்டும். அதன் அதிர்வு விநாடிக்குச் சுமார் 523. மைக் கிடையாது. கீழே ஐம்பது அறுபது பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள், எதிரே இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனையையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரவேண்டும்.

இதெப்படி சாத்தியம்? வெறும் தொண்டை பலம் அல்ல. வாத்தியக் குழுவின் ஓசையில் பலம் அதிகமாக இருப்பது விநாடிக்கு 500 அதிர்வு ஒட்டிய பகுதியில். பயிற்சி பெற்ற பாடகனின் குரலிலோ 3000 அதிர்வு ஒட்டிய இடத்தில் இன்னொரு மேடு எழுகிறது. அங்கே வாத்தியங்கள் பலவீனம். அந்த இடைவெளி வழியாகக் குரல் புகுந்து வந்துவிடுகிறது. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் இதை அளந்து காட்டினார். கருசோ காலத்துப் பாடகர்களுக்கு இந்த இயற்பியல் எல்லாம் தெரியாது. காதால் கேட்டு, தொண்டையில் தேடி, தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள்.

கருசோவுக்குத் தொல்லை கொடுத்தது மேல் ஸ்வரங்கள். நடுப்பகுதி குரல் பாரிடோன் போலக் கனமாக, இருட்டாக, அழகாக இருக்கும். மேலே ஏறினால் உடைந்துவிடும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. இப்படிப்பட்ட குரல் டெனர்தானா, பாரிடோனா என்று பலருக்குச் சந்தேகம். கருசோவுக்கே ஆரம்பத்தில் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. இந்தக் கேள்வியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நேப்பிள்ஸில் இது திரும்பி வரும்.

ஊர் ஊராக

இடையில் கட்டாய ராணுவ சேவை வந்தது. முகாமில் இவர் பாடுவதைக் கேட்ட ஒரு மேஜர், இவனுக்கு இங்கே என்ன வேலை என்று எண்ணியிருக்கவேண்டும். கருசோவுக்குப் பதிலாக அவர் தம்பி ஜோவன்னி சேவை செய்ய ஏற்பாடாகி, ஓரிரு மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பியின் தோளில் ஏறித்தான் அண்ணன் மேடைக்குப் போனார்.

முதல் மேடை 1895 மார்ச் 15. நேப்பிள்ஸில் தியாத்ரோ நுவோவோ என்ற அரங்கம். ஆப்பராவின் பெயர் 'லமிக்கோ பிரான்செஸ்கோ'. எழுதியவர் மரியோ மொரெல்லி, பணம் உள்ள பொழுதுபோக்கு இசைக்காரர். இரண்டே நாளில் நாடகம் படுத்துவிட்டது. இன்றைக்கு அந்த ஆப்பராவைப் பற்றி யாராவது பேசுகிறார்கள் என்றால் அது கருசோ அதில் பாடினார் என்பதற்காக மட்டும்தான்.

அதற்கப்புறம் நாடோடி வாழ்க்கை. கசெர்டா, சிசிலித் தீவு, அந்த 1895-லேயே எகிப்தில் கெய்ரோ. கையில் இருப்பது ஒரே ஒரு நல்ல சட்டை. 1896-இல் விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க வந்தபோது அந்தச் சட்டையும் சலவைக்குப் போயிருந்தது. கட்டில் விரிப்பை எடுத்துத் தோளில் போர்த்தி, ரோமாபுரிப் பிரபு மாதிரி நின்று எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. மீசையும் கம்பீரமும் பார்த்தால் கையில காசில்லாத ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிசிலியில் திரப்பானி என்னும் ஊரில் நடந்ததை அவரே பின்னாளில் சொல்லிச் சிரிப்பாராம். 'லூச்சியா' ஆப்பரா. கதை நடப்பது ஸ்காட்லாந்தில். உள்ளூர் ஒயினைக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டு மேடை ஏறியவர், ஸ்காட்லாந்தின் விதி என்று பாடவேண்டிய இடத்தில் ஸ்காட்லாந்தின் நரிகள் என்று பாடிவிட்டார். இத்தாலிய மொழியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. அரங்கம் ரகளையானது. நிர்வாகி வேலையை விட்டு நீக்கினார். மறுநாள் வேறொருவர் வந்து பாடினார், அவரை ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த நரியைக் கூப்பிடு என்று கூச்சல் போட்டுத் திரும்ப வரவழைத்தார்கள்!

சிரிப்புக் கதைதான். ஆனால் அந்த வயதில், அந்த ஊரில், மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அறையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

குரலைக் கட்டியது

சலேர்னோ நகரில் 1896-இல் வின்சென்ஸோ லொம்பார்டி என்பவரிடம் போய்ச் சேர்ந்ததுதான் திருப்பம். லொம்பார்டி வாத்தியக் குழுவை நடத்துபவர். பாடகர்களைச் செதுக்குவதிலும் கெட்டிக்காரர். உடைகிற மேல் ஸ்வரங்களை அவர் கையில் எடுத்துக்கொண்டார். அடிக்குரலிலிருந்து உச்சத்துக்கு ஏறும்போது நடுவில் ஒரு வாசற்படி மாதிரி இடம் உண்டு. அங்கே தொண்டையை இறுக்கினால் குரல் கிழியும், அப்படியே விட்டுவிட்டால் சன்னமாகிப் போகும். அந்தப் படியைத் தாண்டும் விதத்தைத் திரும்பத் திரும்பப் பழகினார் கருசோ. பிறவியிலேயே கிடைத்த குரல் என்று உலகம் கொண்டாடியதே, அதன் மேல் பாதி இப்படி உழைத்துக் கட்டியது.

பலன் உடனே தெரிந்தது. 1897-இல் பலேர்மோவில் புதிதாகத் திறந்த தியாத்ரோ மாசிமோவில் 'லா ஜியோகொண்டா' பாடினார். அதே கோடையில் லிவோர்னோ நகரில் புச்சினியின் 'லா போயேம்' பாட வாய்ப்பு. கூடப் பாடிய அதா ஜியாகெத்தி அவருடைய வாழ்க்கைத் துணையானார். பிறந்த பிள்ளைகளில் இரண்டு மகன்கள் பிழைத்து வளர்ந்தார்கள். அந்த உறவு பல வருஷங்களுக்குப் பிறகு கசந்து முடிந்தது, அது வேறு கதை. 'லா போயேம்' பாடுவதற்கு முன் நேராகப் புச்சினியின் வீட்டுக்கே போய் அவர் முன்னால் பாடிக் காட்டி, சம்மதம் வாங்கினார். அந்த ஆப்பரா எழுதப்பட்டு அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. புத்தம் புதிய இசை.

இந்த இடத்தில் ஒன்று கவனிக்கவேண்டும். பழைய ஆப்பராக்களில் டெனர் என்றால் மெல்லிய, வெள்ளித்தகடு போன்ற குரல், நுணுக்கமான உருட்டல்கள் என்று ஒரு மரபு. புதிதாக எழுத வந்த மஸ்கானி, ஜோர்டானோ, சிலேயா, புச்சினி போன்றவர்கள் ஏழைகள், கோபக்காரர்கள், பொறாமைக்காரர்கள் என்று சாதாரண மனிதர்களை மேடை ஏற்றினார்கள். அதற்கு ரத்தமும் சதையுமான குரல் தேவைப்பட்டது. கருசோவின் இருண்ட நடுக்குரல் பழைய ரசனைக்குக் குறையாகத் தெரிந்தது, புதிய இசைக்கு அதுவே பொருத்தமாக அமைந்தது.

1897 நவம்பர் 27 அன்று மிலான் நகரில் தியாத்ரோ லிரிக்கோவில் சிலேயாவின் 'லார்லேசியானா' முதல் அரங்கேற்றம். கருசோ கதாநாயகன். அடுத்த வருஷம் 1898 நவம்பர் 17, அதே அரங்கில் ஜோர்டானோவின் 'ஃபெதோரா'. அன்றைக்கு விடிந்தபோது கருசோ இத்தாலி முழுக்கத் தெரிந்த பெயர். வயது 25. அடுத்த சில மாதங்களில் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், தென்னமெரிக்காவில் புவனோஸ் ஐரிஸ் என்று அழைப்புகள் வந்தன.

லா ஸ்காலா

மிலானின் லா ஸ்காலா அரங்கம் பாடகர்களுக்குப் பரீட்சை மண்டபம். 1900 டிசம்பர் 26 அன்று அங்கே முதன்முதலாகப் பாடினார். 'லா போயேம்'. வாத்தியக் குழுவை நடத்தியவர் டாஸ்கனினி, கண்டிப்புக்குப் பேர்போனவர். ஒத்திகைகளில் கருசோ குரலை மிச்சம் பிடித்துப் பாதிக் குரலில் பாடினார், டாஸ்கனினி முழுக் குரலில் பாடச் சொன்னார், இருவருக்கும் உரசல். முதல் நாளன்று கருசோவுக்கு உடம்பு சரியில்லை, காய்ச்சல். ரசிகர்கள் சில்லென்று உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து 1901 ஜனவரியில் மஸ்கானியின் புது ஆப்பரா ஒன்று, அதுவும் தோல்வி.

ஜனவரி 27 அன்று முதுபெரும் இசைமேதை வெர்டி காலமானார். பிப்ரவரி 1-இல் லா ஸ்காலாவில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் பாடியவர்களில் கருசோவும் ஒருவர். வெர்டிக்காக 'ஒதெல்லோ' பாடிய தமாஞ்ஞோ என்ற மூத்த டெனரும் அதே மேடையில் இருந்தார். ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்குவதை அன்று கேட்டவர்கள் காதாலேயே உணர்ந்திருக்க முடியும்.

சீசனைக் காப்பாற்ற நிர்வாகம் அவசரமாக ஒரு பழைய ஆப்பராவைத் தூசி தட்டி எடுத்தது. 1832-இல் டொனிசெட்டி எழுதிய 'லெலிசிர் தமோரே', நாம் 'காதல் மருந்து' என்று சொல்லிக்கொள்ளலாம். நெமொரினோ என்ற ஒரு கிராமத்து அப்பாவிப் பையன், லேகியக்காரன் ஒருவனிடம் மலிவு ஒயினைக் காதல் மருந்து என்று நம்பி வாங்கிக் குடிக்கிறான். கடைசியில் காதலியின் கண்ணில் ஒரு துளி நீரைப் பார்த்துவிட்டு, அவளும் தன்னை விரும்புகிறாள் என்று அறிந்து பாடுகிறான். அந்தப் பாட்டுதான் உயிர்நாடி. 1901 பிப்ரவரி 17 அன்று, முதலில் அசையாமல் உட்கார்ந்திருந்த லா ஸ்காலா கொஞ்சம் கொஞ்சமாக இளகி, அந்தப் பாட்டில் எழுந்து நின்றது. ஒன்ஸ்மோர் என்றாலே முகம் சுளிக்கும் டாஸ்கனினி அன்று விட்டுக்கொடுத்தார். மிலான் கருசோவின் கைக்கு வந்துவிட்டது.

நேப்பிள்ஸ்

இப்போது சொந்த ஊர் கூப்பிட்டது. சான் கார்லோ என்பது நேப்பிள்ஸின் பெருமை, லா ஸ்காலாவைவிட மூத்த அரங்கம். 1737-இல் கட்டியது. பட்டறைப் பையனுக்கு அதன் வாசலில் நிற்கவே ஒரு காலத்தில் தகுதி கிடையாது. 1901 டிசம்பர் 30 அன்று அதன் மேடையில் நின்றார், தனக்கு மிலானை வென்று தந்த அதே நெமொரினோவாக. வெளியூரில் வென்றுவிட்டு வந்திருக்கிறோம், நம் மக்கள் தோளில் தூக்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். யார்தான் எதிர்பார்க்க மாட்டார்கள்?

அங்கே ரசிகர் கோஷ்டிகள் உண்டு. ஊர்ப் பெரிய மனிதர்கள் தலைமையில் முன் வரிசைகளில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறவர்கள். புதுப் பாடகர் முன்கூட்டியே அவர்களைப் போய்ப் பார்த்து மரியாதை செய்வது வழக்கம். கருசோ போகவில்லை. நம்ம ஊர்தானே என்று நினைத்தாரோ என்னவோ. அரங்கம் அவரைக் குளிர்ச்சியாக எதிர்கொண்டது. கைதட்டியவர்களை மற்றவர்கள் அடக்கினார்கள். அதைவிடக் காயப்படுத்தியது பத்திரிகை விமர்சனம். சவேரியோ புரோச்சிதா என்ற மதிப்புக்குரிய விமர்சகர், இது டெனர் குரலே அல்ல, பாரிடோன் சாயல், இந்தப் பழைய நுட்பமான இசைக்குப் பொருந்தாது என்ற தோரணையில் எழுதினார். வருஷக்கணக்காக உழைத்துத் தீர்த்த சந்தேகத்தைச் சொந்த ஊரே மறுபடி கிளப்பிவிட்டது.

நியாயமாகச் சொல்லவேண்டும். ஊரே விசிலடித்து விரட்டியது என்று பிற்காலத்தில் கதை பெரிதாகிவிட்டது. அப்படி ஒன்றும் நடக்கலை. அன்றைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், கைதட்டலும் இருந்தது, கடைசியில் வரும் அந்தப் பாட்டுக்கு வரவேற்பும் இருந்தது என்கிறார்கள். விமர்சகர் காதும் பொய் சொல்லவில்லை, குரலின் நிறம் இருண்டதுதான். ஆனால் மனக்காயத்துக்குக் கணக்குப் பேசி என்ன பயன்? ஒப்பந்தப்படி பாடவேண்டிய நாட்களைப் பாடி முடித்தார். இனி இந்த ஊரில் பாடுவதில்லை என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 28. அந்த முடிவைச் சாகும்வரை மாற்றிக்கொள்ளவில்லை. நேப்பிள்ஸுக்கு வருவார், சிற்றன்னையைப் பார்ப்பார், பிடித்ததைச் சாப்பிடுவார், போய்விடுவார். பாட மட்டும் மாட்டார். கூட வந்தவர்களுக்கு ஊரில் ஒரு பொதுக் குடிநீர் ஊற்றைக் காட்டி, சின்ன வயதில் அதை அமைக்கத் தானும் கை கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வாராம். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. உலகமே கொண்டாடும் பாடகர், சொந்த ஊரில் தன் அடையாளமாகக் காட்ட விரும்பியது பாட்டை அல்ல, பட்டறை வேலையை.

பத்துப் பாட்டு, நூறு பவுன்

நேப்பிள்ஸில் அடி வாங்கிய மூன்றே மாதத்தில் கருசோவின் வாழ்க்கை வேறு தடத்தில் ஏறியது. 1902 மார்ச் 11-இல் லா ஸ்காலாவில் ஃபிராங்கெத்தியின் 'ஜெர்மானியா' அரங்கேற்றம். கிராமபோன் கம்பெனிக்காகப் பாடகர்களைத் தேடி வந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்கர் அதைக் கேட்டார். பத்துப் பாட்டு, நூறு பவுன் என்று கருசோ கேட்டார். அநியாய விலை, ஒப்புக்கொள்ளாதே என்று லண்டன் தலைமை அலுவலகம் தந்தி கொடுத்ததாகவும், தான் அதைக் கண்டுகொள்ளாமல் காரியத்தை நடத்திவிட்டதாகவும் கெய்ஸ்பர்க் எழுதி வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 11 அன்று மிலான் கிராண்ட் ஹோட்டலில் ஓர் அறை. முந்திய வருஷம் வெர்டி உயிர் நீத்ததும் அதே ஹோட்டலில்தான். சுவரோரம் ஒரு தகரக் குழல், பெட்டிகளின் மேல் தூக்கி வைத்த பியானோ, கருசோ, பியானோ வாசிக்க கொத்தோனே. மின்சாரப் பதிவு வருவதற்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. பாடுகிறவன் குரலின் பலமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கவேண்டும். வயலின், சன்னமான பெண் குரல் எல்லாம் அந்தக் குழலுக்குப் பிடிபடுவது கஷ்டம். கருசோவின் கனத்த நடுக்குரலோ அதற்கென்றே செய்தது மாதிரி அமைந்துவிட்டது! நேப்பிள்ஸ் விமர்சகர் குறையாகச் சொன்ன அதே கனம்தான் மெழுகில் ஆழமாகப் பதிந்தது. ஒரே பிற்பகலில் பத்துப் பாட்டும் முடிந்தன. நேப்பிள்ஸில் பாடிய அந்தக் கண்ணீர்த்துளிப் பாட்டும் அவற்றில் ஒன்று. முதலில் பதிவானது 'ஜெர்மானியா'வில் மாணவர்களைப் பார்த்துப் பாடுவதாக வரும் பாட்டு என்பதை நம் மாணவத் தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. அதே கெய்ஸ்பர்க் அதே 1902-இல் கப்பலேறி இந்தியா வந்தார். நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மிலானில் கருசோவுக்கு முன்னால் குழலை வைத்த அதே மனிதர்தான் நம் நாட்டு இசைக்கும் அதை வைத்தார். நம் வீடுகளுக்குள் இசைத்தட்டு வந்த பாதையின் தொடக்கத்தில் இந்த இருவரும் ஏறக்குறைய அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

1902 மே மாதம் லண்டன் கவென்ட் கார்டன், 1903 நவம்பர் 23-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன். இரண்டிலும் முதலில் பாடியது 'ரிகொலெத்தோ'. ஆரம்ப காலம் இத்தோடு முடிந்தது. மெட்ரோபாலிடனில் மட்டும் 800 தடவைக்கு மேல் பாடினார்.

முடிவு தெரிந்ததுதான். 1920 டிசம்பர் 11, நியூயார்க்கின் புரூக்ளினில் 'காதல் மருந்து'. நெமொரினோ வேஷத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து ரத்தம் வந்தது. கைக்குட்டைக்கு மேல் கைக்குட்டையாக வாங்கித் துடைத்துக்கொண்டு முதல் அங்கம் வரை பாடினார். நுரையீரல் உறையில் நோய். அந்த மாதம் 24-ஆம் தேதிக்குப் பிறகு மேடை ஏறவில்லை. சிகிச்சைகளுக்குப் பின் இத்தாலிக்குத் திரும்பினார். 1921 ஆகஸ்ட் 2 அன்று உயிர் பிரிந்தது. ஊர், நேப்பிள்ஸ். வயது 48. பாடுவதில்லை என்று சபதம் செய்த ஊருக்குச் சாவதற்கு வந்து சேர்ந்தார். ஊர் திரண்டு வந்து அழுதது. 2023-இல் நேப்பிள்ஸ் அரண்மனையிலேயே அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

நமக்கு

மாணவ நண்பர்களே, வெர்ஜினே வாத்தியார் முதல் நாள் சொன்ன தீர்ப்பையும் அதற்குப் பிந்திய பத்து வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாத்தியார் சொன்னது அன்றைக்கு உண்மை. அன்றைக்கு மட்டும்தான் உண்மை. மார்க் ஷீட்டும் அப்படித்தான். உடைகிற மேல் ஸ்வரத்தை ஒளித்துவைக்காமல், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினாரே, அது பெரிய காரியம்.

பழைய மாணவர்களாகிய நமக்கும் ஒரு வார்த்தை. வெளியூரில் கிடைக்கும் ஆயிரம் மாலையைவிட, நம்மைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் தரும் ஒரு பாராட்டுக்கு மனம் ஏங்குகிறது. கருசோவும் ஏங்கினார். நம் கல்லூரிக் கலைவிழாக்களுக்கு அழைக்கப்படும்போது முன் வரிசையில் உட்காருகிறவர்கள் நாம். மேடையில் நிற்கும் பிள்ளைக்குக் குரல் நடுங்கலாம், சுருதி பிசகலாம். குறையைச் சொல்லத்தான் வேண்டும், அதை நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். அன்றைக்குக் கையைத் தட்டுங்கள்.